இலைக்கு லைசென்சு! பூவுக்கு ஜெயில்!

(மேல்சித்தாமூர் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



கள்ளும் சாராயமும் கூடாதென்று சொல்லும் சமணர்களின் மடம் உள்ள இவ்வூரில், கஞ்சாவைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகின்றேன்.

கஞ்சா என்றால் ஜெயில் என்றுதான் நாம் அறிவோம். ஆனால் வடக்கே காசியிலும் ஜெய்சல்மீரிலும் சர்க்கார் லைசென்சு பெற்ற கடைகளில் அதே செடியின் இலையைப் "பாங்கு" என்று பகிரங்கமாய் விற்கிறார்கள். அதை அரைத்து, பால், சர்க்கரை, பாதாம், மிளகு கூட்டிக் குடிக்கிறார்கள். உருண்டை பிடித்தும் விழுங்குகிறார்கள். இதெப்படி என்றால், 1985-ஆம் வருஷத்துப் போதை மருந்துச் சட்டம் பூவையும் பிசினையும் தடுத்துவிட்டு, பூவோடு சேராத இலையைக் கஞ்சா என்ற கணக்கிலேயே சேர்க்கவில்லை.

ஏன் குடிக்கிறாய் என்று கேட்டால், "சிவனுக்குப் பிரீதியானது, சிவராத்திரிப் பிரசாதம்" என்பார்கள். தோழர்களே! உண்மைக் காரணம் அதுவா? உடல் அசதி, வலி, தூக்கமின்மை, மனக்கவலை, கூட்டாளிகளோடு கூடியிருக்கும் சந்தோஷம், இவைதானே? கனடா தேசத்தில் 2018 முதல் வயது வந்தவர்களுக்கு இது சட்டப்படி விற்கப்படுகிறது. அங்கே வாங்குகிறவனும் இவைகளைத்தான் சொல்லுகிறான். சிவனைச் சாட்சிக்கு இழுப்பதில்லை. ஆகவே இங்கே சிவன் வெறும் சாக்கு.

வெள்ளைக்கார சர்க்கார் 1893-இல் போட்ட கமிஷன்கூட, மிதமாய் உபயோகித்தால் பெருங்கேடில்லை, அடியோடு தடுக்க வேண்டாம் என்றபோது, ஜனங்களின் மத உணர்ச்சியையும் ஒரு காரணமாய்க் காட்டிற்று.

பூவைவிட இலையில் போதை குறைவு. அதற்குத் தனி விதி வைப்பது நியாயமே. ஆனால் பூவின் சங்கதி என்ன? ஒரு கிலோவுக்கு உட்பட்டு வைத்திருந்தாலும் ஒரு வருஷம் வரை கடுங்காவல். ஏட்டில் இது எல்லோருக்கும் ஒன்றுதான். நடப்பிலோ, கும்பமேளாவில் சாம்பல் பூசியவன் சிலும்பியில் இழுத்தால் பக்தி. கூலிக்காரன் இழுத்தால் குற்றம்! இது என்ன நீதி?

அறிவின் வழி வேறு. இச்செடியிலிருந்து போதை தராத ஒரு சத்தைப் பிரித்து, குழந்தைகளுக்கு வரும் இருவகைக் கொடிய வலிப்புக்குக் கொடுத்துச் சோதித்து, 2018-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதித்தார்கள். வேறு ஆராய்ச்சிகளோ, இளம் பிள்ளைகளுக்கும் சித்தப்பிரமைக்கு இடமுள்ளவர்களுக்கும் கஞ்சா ஆகாதென்று காட்டுகின்றன.

ஆகவே, கடவுள் பேரால் எதையும் விழுங்காதீர்கள். நன்மை தீமையை ஆராய்ந்து சட்டம் செய்யவும், செய்த சட்டத்தைச் சாமியாருக்கும் கூலிக்காரனுக்கும் ஒன்றாய் நடத்தவும் கேளுங்கள் என்று சொல்லி முடித்துக் கொள்ளுகின்றேன்.