ஈடேற்றம்: ஒருவர் சுமையை ஒருவர் சுமப்பதா?



நம் விருத்தாசலம் பகுதியின் கோணான்குப்பம் பெரியநாயகி அன்னை ஆலயம், 1710இல் இந்தியா வந்த வீரமாமுனிவர் எழுப்பியது. அத்தனை காலமாக அண்டை அயலாராய் வாழும் கிறித்தவர்களின் 'இரட்சிப்பு'க் கொள்கையைச் சரிவர அறியாமல் நாம் பேசுவது முறையன்று.

ஆதமின் பாவம் மனிதகுலத்தைப் பற்றியது, இயேசுவின் சிலுவை மரணமே அதற்குப் பரிகாரம் என்பர். ரோமருக்குப் பவுல் எழுதிய நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தைச் சான்று காட்டுவர். ஆகவே அவர்கள் துணிந்து பாவம் செய்யலாமென நம்புகின்றனர் என்று நம்மில் சிலர் கூறுவது தவறு. மனந்திரும்புதலை அவர்களும் வலியுறுத்துகின்றனர்.

நாம் வேறுபடுமிடம் வேறு. ஆதம் (அலை) தவ்பாவை இறைவன் அப்போதே ஏற்றுக்கொண்டான் (2:37). ஈசா (அலை) சிலுவையில் கொல்லப்படவில்லை (4:157). ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை (6:164). அதற்காக, அமலால் மட்டுமே சுவனம் என்று இறுமாந்துவிட வேண்டாம். ரஹ்மத் இன்றி எவருக்கும் அது இல்லை என்பதே ஹதீஸ்.

அடியார்களின் உரிமையோ இன்னும் கடினமானது. பீங்கான் சூளையில் உழைத்தவரின் கூலியை நிறுத்திவைத்துவிட்டுத் தொழுகையில் முன்வரிசையில் நின்றால் என்னாகும்? மறுமையில் நம் நன்மைகள் அவருக்குப் போகும்; அவை தீர்ந்தால் அவர் பாவம் நம்மீது சுமத்தப்படும் என்கிறது முஸ்லிம் நூலின் ஹதீஸ். பிறர் சுமை நம்மிடம் வருவது இந்த அநீதியின் வழியாகத்தான். அத்தொழிலாளி முஸ்லிமல்லாதவராயின்? உடன்படிக்கையுடன் வாழும் அத்தகையோருக்கு அநீதியிழைத்தவனுக்கு எதிராக வழக்காடப் போவது நபி (ஸல்) அவர்களே என்று அபூதாவூதில் பதிவாகியுள்ளது.