அம்மா சொன்னது கருவிக்குப் புரியவில்லை

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் அம்மாவுக்கு மூட்டுவலி. இரவில் எழுந்தால் சுவிட்சைத் தேடி இருட்டில் கதவுவரை நடக்க வேண்டும். ஒருமுறை விழப் பார்த்தார். அந்தக் கோடை விடுமுறையில், சொன்னால் விளக்கைப் போடும் குரல் உதவியாளர் ஒன்றை நானே செய்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

கடையில் விற்கும் கருவிகள் பெரும்பாலும் நம் பேச்சை இணையம் வழியாக வெளியே அனுப்பிப் புரிந்துகொள்கின்றன. வீட்டுப் பேச்சு வீட்டிலேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். மாணவர்கள் நிரலாக்கம் கற்பதற்கென 2012இல் பிரிட்டனில் வெளியான ‘ராஸ்பெர்ரி பை’ என்னும் கையளவு கணினி, ஒரு மைக், ஒரு ஒலிபெருக்கி, ஒரு ரிலே, பழைய மடிக்கணினி. தேவைப்பட்டவை இவ்வளவுதான்.

வேலை ஐந்து படிகளில் நடக்கிறது. முதலில், தன்னை அழைக்கும் சொல்லுக்காகக் கருவி காத்திருக்கும். அடுத்து, கேட்ட பேச்சை எழுத்தாக்கும். இதற்கு 2022இல் வெளியான ‘விஸ்பர்’ என்ற திறந்தமூல மென்பொருளை மடிக்கணினியில் நிறுவினேன். அது இணையமின்றியே தமிழையும் எழுத்தாக்கும். மூன்றாவது, அந்த எழுத்திலிருந்து சொன்னவரின் நோக்கத்தைக் கண்டறிதல். நான்காவது, செயல். ராஸ்பெர்ரி பையின் முனைகள் தருவது 3.3 வோல்ட், வீட்டு மின்சாரம் 230 வோல்ட். இரண்டையும் தொடவிடாமல் நடுவில் நின்று சுவிட்சாக வேலை செய்வது ரிலே. கடைசியாக, குரலில் பதில்.

எல்லாம் முடித்து, “விளக்கை ஏற்று” என்றேன். எரிந்தது. “விளக்கை அணை” என்றேன். அணைந்தது. பெருமையோடு அம்மாவை அழைத்தேன்.

அம்மா, “அந்த லைட்டக் கொஞ்சம் போடேன்” என்றார். “மன்னிக்கவும், புரியவில்லை” என்றது கருவி. பிறகு “லைட்ட அமத்து” என்றார். அதற்கும் அதே பதில். மூன்றாம் நாள் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஏம்ப்பா, இதுவும் உன்னை மாதிரி வாத்தியாரா? புத்தகத்துல இருக்கறபடி சொன்னாத்தான் ஒத்துக்குமா?”

சிரித்தேன். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஏழாம் வகுப்பில் ஒரு பையன் நினைவுக்கு வந்தான். ஈரத்துணி எப்படி உலர்கிறது என்று கேட்டதற்கு, “தண்ணி வெயில்ல சுண்டிப்போகுது சார்” என்றான். “ஆவியாதல்னு சொல்லணும், உட்காரு” என்றேன். அந்தப் பருவம் முடியும்வரை அவன் கை தூக்கவில்லை. அவனுக்குப் புரிந்திருந்தது. புரியாமல் போனது எனக்குத்தான்.

மறுநாள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா, மனைவி, பக்கத்து வீட்டுக் குழந்தை என்று ஒவ்வொருவரும் சொல்லும் விதத்தை எழுதினேன். போடு, போடேன், போடுப்பா. எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘போட’ என்று தொடங்கும் சொல்லைத் தேடச் சொன்னேன். உடனே வேறொரு சிக்கல்: “லைட்டப் போடாதே” என்றாலும் விளக்கு எரிந்தது! தமிழில் எதிர்மறை வினைச்சொல்லின் இறுதியில் ஒட்டி வருகிறது. சொல்லின் வாலையும் பார்க்கக் கருவிக்குக் கற்பித்த பிறகே சரியானது. இலக்கண வகுப்புக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

இதை வகுப்பில் செய்ய எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு மாணவர் ‘கருவி’யாக நிற்கட்டும். கையிலுள்ள அட்டையில் எழுதியிருக்கும் கட்டளைக்கு மட்டுமே அவர் இயங்க வேண்டும். மற்றவர்கள் தங்கள் வீட்டுப் பேச்சில் கட்டளையிடட்டும். எது புரியவில்லையோ அதற்குப் புதிய அட்டை எழுதட்டும். நான் செய்தபோது, ‘அணை’ என்பதற்கு நிப்பாட்டு, அமத்து, ஆஃப் பண்ணு என்று பிள்ளைகளே பட்டியல் போட்டார்கள். நிரலாக்கமும் மொழிப்பாடமும் ஒரே பாடவேளையில் நடந்தன.

மூன்று எச்சரிக்கைகள். மாணவர்களோடு மின்சுற்று செய்தால் பேட்டரியும் சிறு எல்.இ.டி. விளக்கும் போதும், 230 வோல்ட் பக்கம் அவர்கள் போகவே கூடாது. என் வீட்டிலும் அந்த இணைப்பை மின்பணியாளர்தான் கொடுத்தார். அடுத்து, பிள்ளைகளின் குரலையும் பெயரையும் எந்தச் செயலியிலும் பதிவேற்றாதீர்கள். மூன்றாவது, பழைய சுவிட்சைக் கழற்றிவிடாதீர்கள். மின்விசிறி இரைச்சலில் என் கருவிக்கு இன்றும் காது கேட்பதில்லை.

இப்போது அம்மா இருட்டில் நடப்பதில்லை. படுக்கையிலிருந்தே “லைட்டப் போடுப்பா” என்கிறார். எரிகிறது.

அந்தப் பையனை அழைத்து, “அன்னைக்கு நீ சொன்னது சரிதான்” என்றேன். ‘சுண்டிப்போதல்’ என்று கரும்பலகையில் எழுதி, அதன் பக்கத்தில் ‘ஆவியாதல்’ என்று எழுதினேன். இப்போது நான் அந்த வரிசையில்தான் எழுதுகிறேன்.