படித்தாயா? எழுதிப் பார்த்தாயா?

(சாந்த்ராகாச்சியில் நம் அங்கத்தினர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், பொதுத்தேர்வு எழுதவிருக்கும் மாணவ மாணவியருக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரை)

 

தேர்வுக்கு முன் திருப்புதல் செய்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறேன். தீர்மானம் எடுப்பதற்கான கணிதம் என்று அதைச் சொல்லலாம். இருப்பதைக் கொண்டு அதிக லாபம் பெறுவது எப்படி, குறைந்த செலவில் சரக்கை அனுப்புவது எப்படி, ஒரு காரியத்தைச் சீக்கிரம் முடிப்பது எப்படி என்பவைதான் அதன் கேள்விகள். சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில் இது லீனியர் ப்ரோகிராமிங் என்ற பெயரில் 80-க்கு 5 மதிப்பெண். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் வணிகக் கணிதம் எடுத்தவர்களுக்கு இன்னும் விரிவாக வருகிறது. பதினொன்றில் லீனியர் ப்ரோகிராமிங்கும் நெட்வொர்க்கும், பன்னிரண்டில் போக்குவரத்துக் கணக்கும் ஒதுக்கீட்டுக் கணக்கும் உண்டு. இங்கிலாந்தில் பேரன் பேத்திகள் இருப்பவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே ஏ-லெவல் ஃபர்தர் மேத்தமேடிக்ஸில் 'டிசிஷன் மேத்தமேடிக்ஸ்' என்றே தனி விருப்பத்தாள் இருக்கிறது.

இந்தக் கணிதம் நம் ஊருக்கு அந்நியமானதல்ல. ஹூக்ளிக்கு அக்கரையில் பராநகரில் இருக்கிறதே இந்தியன் ஸ்டாடிஸ்டிகல் இன்ஸ்டிட்யூட், அதை 1931-ல் நிறுவிய பேராசிரியர் பிரசாந்த சந்திர மஹலாநோபிஸ், 1956-ல் தொடங்கிய இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அடித்தளம் அமைத்தவர். நாட்டின் முதலீட்டை எந்தத் துறைக்கு எவ்வளவு பிரிப்பது என்பதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தார். அமெரிக்காவில் டான்ட்சிக் என்பவர் 1947-ல் சிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டார். மும்பை ஐ.ஐ.டி.யில் படித்த நரேந்திர கர்மார்கர் 1984-ல் அதே வகைக் கணக்குகளுக்குப் புதிய வழி கண்டு உலகப் புகழ் பெற்றார். இந்த வரிசையில்தான் உங்கள் ஐந்து மதிப்பெண் கேள்வியும் நிற்கிறது.

ஆனால் குழந்தைகள் இந்தப் பகுதியைக் கடைசியில் தள்ளுகிறார்கள். "இது ஈஸி மாமா, பார்த்தாலே விடை தெரிகிறது" என்கிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கால்குலஸ் கடினம் என்று பயந்து பத்து முறை எழுதிப் பார்ப்பவர்கள், இதைப் புத்தகத்தில் கண்ணால் பார்த்துவிட்டு மூடி வைக்கிறார்கள்.

கண்ணால் பார்ப்பதற்கும் கணக்குப் போடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். சாந்த்ராகாச்சி என்றாலே வங்காளிகளுக்கு 'ஓல்' என்கிற சேனைக்கிழங்குதான் நினைவுக்கு வரும். அதையே வைத்து நம் சமாராதனைச் சமையலைக் கணக்காக்குவோம். ஆளுக்கும் அடுப்புக்கும் குறைவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போய்க் காய் வாங்கி வர 60 நிமிஷம். வந்த பிறகு சேனையும் மற்ற காயும் நறுக்க 50 நிமிஷம். பருப்பு வேக 45. காயும் பருப்பும் தயாரான பிறகு குழம்பும் கறியும் செய்ய 30. சாதம் வடிக்க 40. பாயசத்துக்கு 70. எல்லாம் ஆன பிறகு இலை போட்டுப் பரிமாற 20 நிமிஷம். ஒன்பது இருபதுக்கு ஆரம்பித்தால் எப்போது பரிமாறி முடியும்?

கண்ணால் பார்ப்பவர் பாயசம்தான் அதிக நேரம் பிடிக்கிறது, அதற்கு இன்னொரு ஆளைப் போடு என்பார். எழுதிப் பாருங்கள். கடை 60, நறுக்குதல் 50, குழம்பு 30, பரிமாறுதல் 20; மொத்தம் 160 நிமிஷம். மணி பன்னிரண்டு. இந்தச் சங்கிலிதான் 'கிரிட்டிகல் பாத்'. இதில் ஒரு நிமிஷம் தாமதமானால் பந்தியும் ஒரு நிமிஷம் தாமதம். பாயசம் 140-வது நிமிஷத்துக்குள் முடிந்தால் போதும். ஆகவே அதற்கு 70 நிமிஷம் அவகாசம் இருக்கிறது. சாதத்துக்கு 100, பருப்புக்கு 65. பாயசத்துக்கு எத்தனை ஆள் போட்டாலும் சாப்பாடு முன்னதாக வராது. நறுக்குவதற்கு ஓர் ஆள் கூடப் போட்டு 50-ஐ 30 ஆக்கினால், பதினொன்று நாற்பதுக்கே முடிந்துவிடும். இதை ஊகத்தால் சொல்ல முடியாது. அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனி 1957-ல் பெரிய ரசாயனத் தொழிற்சாலை வேலைகளுக்காக உருவாக்கிய முறை இதுவேதான்.

தேர்வுத்தாளில் 160 என்று மட்டும் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்காது. அரசாங்க அலுவலகத்தில் கோப்பில் 'அனுமதிக்கலாம்' என்று ஒரு வரி எழுதினால் ஏற்கமாட்டார்கள். ஏன் என்பதைப் படிப்படியாக எழுத வேண்டும். இங்கும் அப்படியே. இந்தக் கணிதத்தில் விடையைவிட வழிக்கே மதிப்பு. ஏழு வேலைக்குக் கண் போதும். எழுநூறு வேலைக்கு வழிதான் துணை. அந்த வழி உங்களுக்குத் தெரியுமா என்றுதான் பரீட்சகர் பார்க்கிறார்.

ஆகவே எப்படித் திருப்புதல் செய்வது? மூன்று விஷயங்கள் சொல்கிறேன்.

முதலாவது, லீனியர் ப்ரோகிராமிங். கேள்வியைப் படித்ததும் எக்ஸ் எது, ஒய் எது என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். இரண்டும் பூஜ்யத்துக்குக் குறையாது என்பதை விடாமல் எழுதுங்கள். கோட்டின் எந்தப் பக்கத்தை நிழலிடுவது என்பதை ஆதிப்புள்ளியைப் போட்டுச் சோதியுங்கள்; கோடு ஆதிப்புள்ளி வழியாகவே போனால் வேறொரு புள்ளியை எடுங்கள். மூலைப் புள்ளிகளை வரைபடத்திலிருந்து உத்தேசமாகப் படிக்காமல், சமன்பாடுகளைத் தீர்த்து எடுங்கள். எல்லா மூலைகளின் மதிப்பையும் அட்டவணையாகக் காட்டுங்கள். பகுதி ஒரு பக்கம் திறந்திருந்தால் மூலையில் கிடைத்ததே முடிவு என்று நிறுத்தாதீர்கள்; அதைவிட நல்ல மதிப்பு அந்தப் பகுதியில் எங்காவது உண்டா என்று இன்னொரு கோடு போட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, நெட்வொர்க். முன்னோக்கிப் போகும்போது பல வழிகள் சேருமிடத்தில் பெரிய எண். பின்னோக்கி வரும்போது பிரிந்த வழிகள் சேருமிடத்தில் சிறிய எண். இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதுதான் அடிக்கடி நேர்கிறது. காரணத்தைப் புரிந்துகொண்டால் மாறாது. குழம்பு வைக்கக் காயும் வேண்டும், பருப்பும் வேண்டும். பிந்தி வருவதற்குத்தானே காத்திருக்க வேண்டும்? ஆகவே பெரிய எண்.

மூன்றாவது, நேரம். தீர்த்த கணக்கை மூடி வைத்துவிட்டு, வெள்ளைத்தாளில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழுவதும் போடுங்கள். ஸ்கேலும் பென்சிலும் உட்படத் தேர்வில் செய்வதுபோலவே செய்யுங்கள். எங்கே கை நிற்கிறதோ அங்கேதான் உங்களுக்குத் தெரியவில்லை. மறுநாள் அந்த இடத்தை மட்டும் மறுபடி போடுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

இதையெல்லாம் கம்ப்யூட்டர் நொடியில் செய்கிறதே, கையால் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எது லாபம், எது கட்டுப்பாடு என்பதை மனிதன்தான் சொல்ல வேண்டும். ஒரு கட்டுப்பாட்டை எழுத மறந்தால், யந்திரம் தவறான கேள்விக்குச் சரியான விடையைக் கொடுக்கும். கையால் போட்டுப் பழகியவருக்குத்தான் அது உறுத்தும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. மாலையில் குழந்தையிடம் "படித்தாயா?" என்று கேட்கிறோம். "ஆச்சு" என்று பதில் வரும். அது பொய்யல்ல, பார்த்திருக்கிறாள். இனி "எழுதிப் பார்த்தாயா?" என்று கேளுங்கள். தாளைக் காட்டச் சொல்லுங்கள். கணக்கு உங்களுக்குப் புரிய வேண்டிய அவசியமில்லை. அடித்தல் திருத்தலோடு இரண்டு பக்கம் இருந்தால் அன்றைய வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். அண்டை வீட்டுப் பையனின் மதிப்பெண்ணை அப்போது எடுக்காதீர்கள். அது எந்தக் கணக்கிலும் கட்டுப்பாடாக வராது.

குழந்தைகளே, நிதானமாக எழுதுங்கள், வழியைக் காட்டுங்கள். எல்லோரும் நன்றாகத் தேர்வு எழுதி க்ஷேமமாக இருக்க பகவானைப் பிரார்த்திக்கிறேன்.