கூட்டத்துக்கு ஒருநாள் போய் வாருங்கள்

(கிராமக் குடும்ப நலக் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)

தடுப்பூசி பற்றியும், பிள்ளைப்பேற்றுக்கு இடைவெளி விடுவது பற்றியும் உங்களிடம் பலமுறை பேசியிருக்கிறேன். இன்றைக்குக் குடியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ‘இதைத்தான் ஊரே சொல்லுதே’ என்று எழுந்து போய்விடாதீர்கள். குடி கெடுதல் என்பது குடிக்கிறவருக்கே தெரியும். விட நினைப்பவர் எங்கே போவது? போனால் அங்கே என்ன நடக்கும்? இதைத்தான் சொல்லப் போகிறேன்.

இதில் என் தவறு ஒன்றும் உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு கிராமத்தில், கெட்டுப்போன ஈரலின் படத்தை மாட்டி வைத்துப் பேசினேன். தறி நெய்கிற ஒருவர் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் கிட்டே வந்து, “எல்லாம் சரிங்க சார். நாளைக்குக் காலையிலே கை நடுங்குமே, அப்போ நான் எங்கே போறது?” என்றார். “மனசைக் கட்டுப்படுத்துங்க” என்று சொல்லிவிட்டுப் படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் வழி கேட்டார். நான் புத்தி சொன்னேன்.

அவர் கேட்டதற்குப் பதில் இதுதான். முதலில் டாக்டரிடம் போக வேண்டும். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் வராது. சிலருக்கு இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரும். இல்லாதது கண்ணுக்குத் தெரியும். இது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ காட்டி, மருந்தோடு நிறுத்த வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. யாரோ கொடுத்த பொடியையோ மாத்திரையையோ சோற்றில் ரகசியமாகக் கலக்காதீர்கள். அதன்மேல் அவர் குடித்தால் உயிரே போகலாம்.

மருந்து உடம்பைச் சரிசெய்யும். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்குக் கால் கடைப் பக்கம் இழுக்குமே, அதற்கு என்ன செய்வது? அதற்குத்தான் குடியை விட்டவர்களே சேர்ந்து நடத்தும் கூட்டம் இருக்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. என்று பெயர். 1935-ல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும், இருவருமே குடிநோயாளிகள், ஒருவருக்கொருவர் துணையாக இருந்து தொடங்கியது. நம் தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் தமிழிலேயே நடக்கிறது.

அங்கே என்ன நடக்கும்? ஒருவர் எழுந்து, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தன் கதையைச் சொல்வார். மற்றவர்கள் கேட்பார்கள். நடுவில் யாரும் புத்தி சொல்ல மாட்டார்கள். நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் போதும். கட்டணம் கிடையாது. சாதி, மதம், முழுப் பெயர் கேட்க மாட்டார்கள். சில ஊர்களில் மாதா கோவில் அறையில் நடக்கும். இடம் கிடைத்தது, அவ்வளவுதான். மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றே சேருவதற்குத் தகுதி. ‘இனி ஆயுசுக்கும் தொடமாட்டேன்’ என்று சத்தியம் வாங்க மாட்டார்கள். இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்போம் என்பதே அவர்கள் வழி.

கூட்டம் எங்கே, எந்தக் கிழமை என்று மருத்துவமனை மனநலப் பிரிவில் கேளுங்கள். 14446 என்ற எண்ணுக்கு இலவசமாகப் போன் செய்தும் குடியை விட உதவி கேட்கலாம். திரும்பி வரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். திறந்த கூட்டம் என்றால் மனைவியும் கூடப் போகலாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும். வீட்டுக்காரர் வர மறுத்தாலும், குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்று தனிக் கூட்டம் சில ஊர்களில் உண்டு; நீங்கள் மட்டும் போகலாம். குடித்துவிட்டு அடித்தால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். பெண்கள் உதவி எண் 181.

அந்த நெசவாளி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். விவரம் தெரிந்துகொண்டு மறுபடி அவரைத் தேடிப் போய்ச் சொன்னேன். இரண்டு வாரம் டவுனுக்குப் போய், எதிர்த்த டீக்கடையில் நின்றுவிட்டே திரும்பியிருக்கிறார். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? மூன்றாவது வாரம் அவர் சம்சாரம், “கடைக்குப் போறப்ப யார் பார்த்தாங்கன்னு கவலைப்பட்டீங்களா?” என்று கூடவே கிளம்பிவிட்டார். உள்ளே தினமும் பார்க்கிற ஒருவரே உட்கார்ந்திருந்தாராம். யார் என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. அங்கே பார்த்ததையும் கேட்டதையும் வெளியே சொல்வதில்லை என்பது அவர்கள் வழக்கம்.

நடுவில் இரண்டு முறை தவறினார். ‘போச்சு, எல்லாம் வீண்’ என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கே மறுபடி போனார். இப்போது தறி ஓடுகிறது. இதைச் சொல்ல அவரே சம்மதம் தந்தார்.

ஆகவே, உங்கள் வீட்டில் இந்தக் கஷ்டம் இருந்தால், கணவன் மனைவி இருவரும் இன்று இரவு சண்டையில்லாமல் பேசி, ஒரு கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருநாள் போய் வாருங்கள்.