உடற்பருமன் அறுவை சிகிச்சை மார்க்கத்தில் ஆகுமா?

 

இரைப்பையைக் குறைக்கும் அறுவை சிகிச்சைக்கு ஆயத்தமான நம் மஹல்லாச் சகோதரர் ஒருவர், “ஹஜ்ரத், இது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா?” என்று வினவினார். வெறும் அழகுக்காக உடலை அறுப்பது வேறு. நோய்க்கு மருந்து தேடுவது வேறு. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே நமக்கு ஏவியுள்ளார்கள்.

மிதமிஞ்சிய பருமன் நோயே. சர்க்கரை, இரத்த அழுத்தம், உறக்கத்தில் மூச்சடைப்பு ஆகியன அதைத் தொடர்கின்றன. நாமோ, தின்று பெருத்தவர் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 2017 பிப்ரவரியில் எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து ஏறத்தாழ 500 கிலோ எடையுடன் ஒரு சகோதரி சரக்கு விமானத்தில் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டார். சைஃபி மருத்துவமனையில் மார்ச்சில் அவருக்கு இவ்வறுவை நடந்தது. மரபணுக் குறைபாடு ஒன்றும் அவரிடம் கண்டறியப்பட்டது. அது அவர் தேடிக்கொண்டதா? அவ்வாண்டு செப்டம்பரில் அபுதாபியில் சிகிச்சையிலிருந்தபோது இருதய, சிறுநீரகக் கோளாறுகளால் வஃபாத்தானார்.

இம்முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்குக் குறையாமல் நீக்கி, எஞ்சியதைக் குழாய்போல் ஆக்குவர். சிறிது உண்டதும் வயிறு நிறையும். பசியைத் தூண்டும் சுரப்பும் குறையும். பலருக்குச் சர்க்கரை கட்டுப்படுகிறது. நம் நாட்டு மருத்துவர்கள் நெடுங்காலம் கொண்டிருந்த அளவு, ஐந்தேகால் அடி உயரமுள்ளவருக்கு ஏறத்தாழ 96 கிலோ. சர்க்கரை நோயும் இருப்பின் அதற்குக் குறைவிலும் செய்வர். சத்து மாத்திரைகள் ஆயுள் முழுதும் தேவை.

விளம்பரம் கண்டு விரைய வேண்டாம். 2024 ஏப்ரலில் சென்னையின் தனியார் மருத்துவமனை ஒன்றில் இச்சிகிச்சைக்குச் சென்ற புதுச்சேரி இளைஞர் உயிரிழந்தார். அரசு விசாரித்து அதன் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேயே உள்ளதா என்று முதலில் கேளுங்கள்.

நோன்பைப் பற்றியும் அச்சகோதரர் கேட்டார். அறுவை முடிந்தவர் ஒரு டம்ளர் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடிக்க இயலாது. பகலெல்லாம் மிடறு மிடறாகப் பருக வேண்டியவர். அம்முதல் மாதங்களில் ரமளான் வந்து, மருத்துவரும் தடுத்தால், நோன்பை விட்டுவிட்டுப் பின்னர் களாச் செய்ய மார்க்கம் இடமளிக்கிறது. அவரது ஈமானை எடைபோட நமக்கு உரிமையில்லை.

இன்னொன்று. நம் திருமண விருந்தில் ஒரே சஹனைச் சுற்றி அமர்கிறோம். மற்றவர் எழும்வரை அவர் நாலு கவளத்தைத்தான் மென்றிருப்பார். அவர் பக்கம் இறைச்சியைத் தள்ளி வற்புறுத்துவதை அன்பென்று எண்ணுகிறோம். அவருக்கோ அது வாந்தியும் வேதனையும். அவருக்கெனச் சிறு தட்டொன்றை வைத்துவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள்.