ஐந்து பேர் கையெழுத்து

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அகதின்னு சொன்னவுடனே நம்ம கண்ணுக்கு வர்றது அரசாங்கமும் முகாமும்தான். சாதாரண ஜனங்களே கூடி ஓர் அகதிக் குடும்பத்தைத் தங்கள் ஊருக்கு வரவழைத்துக் குடியமர்த்த கனடாவில் ஒரு சட்ட வழி உண்டு. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

1976ஆம் வருஷக் குடிவரவுச் சட்டத்தில் இதற்கு இடம் வைத்தார்கள். வியத்நாம், லாவோஸ், கம்போடியாவிலிருந்து ஜனங்கள் ஓடிக்கொண்டிருந்த 1979இல் அது சூடுபிடித்தது. நீங்கள் ஒருவரை அழைத்தால் நாங்களும் ஒருவரை அழைக்கிறோம் என்றது அரசு. 1979-80இல் வந்த 60,000 பேரில் சுமார் 34,000 பேர் இப்படி வந்தவர்கள். அழைத்தது மாதாகோயில்காரர்கள், தெருக்காரர்கள், கூட வேலை பார்த்தவர்கள். 1986இல் ஐ.நா.வின் நான்சென் விருதைக் கனடா மக்கள் எல்லோர் பேரிலும் கொடுத்தார்கள்.

எப்படி நடக்குது? குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ள, பதினெட்டு வயது நிரம்பிய ஐந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அரசோடு ஒப்பந்தம் போட்ட அமைப்புகள் வழியாகவும் செய்யலாம். பொதுவாகப் பன்னிரண்டு மாதம் வாடகை, சாப்பாடு, துணிமணி குழுவின் பொறுப்பு. பாங்க்குக் குமாஸ்தா, பணக்கணக்குதான் பேசுவான்னு நெனைக்காதீங்க. கூட நிக்கிற வேலைதான் பெரிசு. பஸ் எங்க ஏறணும், புள்ளைய எந்தப் பள்ளிக்கூடத்துல சேக்கணும், டாக்டர் சொன்னதுக்கு என்ன அர்த்தம்? பாஷை தெரியாதவர் ஒரு சேமிப்புக் கணக்கு ஆரம்பிக்கப் படுற பாட்டைக் கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து தினம் பாக்குறவன் நான்.

எனக்கு உறுத்துவது வேறு. கொடுக்கிற கை மேல, வாங்குற கை கீழ. இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சோறு போட்டவன், ‘எதுக்கு இந்தச் செலவு, யாரோட பழகுற’ன்னு கேக்க ஆரம்பிச்சா? அங்கே சட்டம் ஒன்றை ஒழுங்காகச் செய்திருக்கிறது. வந்து இறங்கும்போதே நிரந்தர வசிப்புரிமை. குழுவோடு சண்டை வந்தாலும் அது போகாது. செலவழித்ததைத் திருப்பிக் கேட்கவும் கூடாது. இந்த உரிமை கையில் இருப்பதால்தான் உதவி பண்ணையார்தனமாகாமல் தப்பிக்கிறது. அரசோ விமானச் செலவைக் கடனாக எழுதியது. வட்டியை எடுத்ததே 2018இல்தான், அசலை எடுக்கவில்லை.

இன்னொன்று. தனியார் அழைப்பு அரசின் பங்குக்கு மேலே கூடுதலாக இருக்க வேண்டும் என்பது ஆரம்பகால ஒப்பந்தம். 2018இல் தனியார் வழியில் வந்தவர்கள், அரசு அழைத்தவர்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்! ஜனங்க தோள் கொடுத்தா அரசு தோளை எடுத்துக்குது. கதவுச் சாவியும் அதனிடமே. 2024 நவம்பரில், ஐவர் குழுக்களிடம் புது விண்ணப்பம் வாங்குவதை நிறுத்தியது. அழைப்பில்லாமல் 2010இல் கப்பலேறி வந்த 492 ஈழத்தமிழரை இதே நாடுதான் தடுப்புக்காவலில் வைத்தது.

இந்தியாவில் அகதிகளுக்கென்று தனிச்சட்டம் கிடையாது. 1951 ஒப்பந்தத்திலும் இந்த நாடு சேரவில்லை. ஐந்து பேர் கையெழுத்துப் போட இங்கே படிவமே இல்லை. முகாமுக்குள் நுழையவே அனுமதி வேண்டும். ஆனால் முகாமிலிருந்து வரும் பிள்ளையோடு கல்லூரி அலுவலகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பாங்க்குக்கும் கூடப் போறதுக்கு யாரைக் கேக்கணும்? விண்ணப்பம் நிரப்பத் தெரிஞ்சவங்க, கூட்டம் முடிஞ்சதும் எங்கிட்ட பேர் குடுங்க. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவுதான்.