வேலையும் வேலியும்

(ஊழியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையிலிருந்து)



அமெரிக்க நாட்டு நகரங்கள் இரண்டினை உங்கள் முன் நிறுத்த விழைகிறேன். ஒன்று டெட்ராய்ட் - கார்களை வார்த்துக் குவித்த உலைக்களம். மற்றொன்று பீனிக்ஸ் - அரிசோனா மாநிலத்துப் பாலையிலே எழுந்த புதுமாநகர்.

1950-இல் கணக்கெடுத்தனர். டெட்ராய்டிலே 18 இலட்சத்து 49 ஆயிரம் மக்கள்; பீனிக்ஸிலே 1 இலட்சத்து 6 ஆயிரம். 2020-இல் மீண்டும் எண்ணினர். டெட்ராய்ட் 6 இலட்சத்து 39 ஆயிரமாகத் தேய்ந்திருந்தது. பீனிக்ஸ் 16 இலட்சத்தைத் தாண்டி வளர்ந்திருந்தது!

"பார்த்தீரா! கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடித்த ஊர் கெட்டது, 1946-லேயே சங்கத்தின் கரத்தைச் சட்டத்தால் கட்டிய மாநிலத்து ஊர் செழித்தது" என்று தீர்ப்பளிக்கின்றனர் சிலர்.

தீர்ப்பு இருக்கட்டும், தோழர்களே! சாட்சியம் எங்கே?

1950-இல் பீனிக்ஸின் பரப்பு 17 சதுர மைல். 1960-இல் 187. இன்றோ 500-க்கும் மேல்! பக்கத்து நிலம், அங்கெழுந்த வீடு, அவ்வீடு செலுத்தும் வரி - அனைத்தையும் தன்னோடு இணைத்து வளர்ந்தது அந்நகரம்.

டெட்ராய்ட்? 1926-க்குப் பின் அதன் எல்லை விரியவே இல்லை. சுமார் 140 சதுர மைல்; அதைச் சுற்றிலும் வேலியென நின்றன தனித்தனி நகராட்சிகள். வடக்கு எல்லையிலே ஒரு சாலை. எட்டாவது மைல் சாலை என்பது பெயர். வெளியேறியவரில் மிகப் பலர் அச்சாலையைத் தாண்டினர், அவ்வளவே! சுற்றுப்புறத்தையும் சேர்த்து எண்ணினால் 2020-இல் ஏறத்தாழ 44 இலட்சம் மக்கள். மக்கள் மாயமாகவில்லை, நகரின் வரிப்பட்டியலிலிருந்து மறைந்தனர்.

அச்சாலைக்கு அப்பால் வாரன் என்றோர் ஊர். அங்கும் கார்த் தொழில்தான், அதே தொழிற்சங்கந்தான். 1970-இல் அவ்வூர் 1 இலட்சத்து 79 ஆயிரம் மக்களோடு ஓங்கி நின்றது. சங்கம்தான் நஞ்செனில், சாலையின் இப்புறம் கொன்ற நஞ்சு அப்புறம் அமுதமானது எங்ஙனம்?

சாலையைத் தாண்ட எல்லோராலும் முடிந்ததா? இல்லை! 1934-இல் அமைந்த கூட்டரசின் வீட்டுக்கடன் காப்புறுதி நிறுவனம், கறுப்பின மக்கள் வாழ்ந்த வட்டாரங்களைப் பல்லாண்டுக் காலம் ஒதுக்கி வைத்தது. வெள்ளையருக்கு வீடு வாங்க வழி திறந்தது, கறுப்பருக்குக் கதவடைத்தது. வேலியைத் தாண்டவும் நிறம் பார்த்தனர்!

ஆலைகள் போனதும் உண்மை. 1956-இல் பாக்கார்டு கார் ஆலை மூடப்பட்டது. பின்னாளில் ஜப்பானியக் கார்களின் போட்டியும் வாட்டியது. மறுக்கவில்லை நான். ஆனால் வேலை போனது பாதிக் கேடு. வேலி போட்டது மீதிக் கேடு!

18 இலட்சம் பேருக்காக இட்ட சாலைகளையும் குழாய்களையும், மீந்திருந்த ஏழை எளியோர் தாங்க வேண்டியதாயிற்று. 2013-இல் சுமார் 1,800 கோடி டாலர் கடன் சுமையோடு திவால் மன்றத்தின் படியேறியது டெட்ராய்ட். விளைவு? நகராட்சியிலே ஆயுளெல்லாம் உழைத்து ஓய்ந்த பொது ஊழியரின் ஓய்வூதியத்திலே நூற்றுக்கு நாலரை வெட்டு. விலையேற்றத்துக்கேற்ற உயர்வும் பறிபோனது.

பீனிக்ஸ் தன் காலிலேயே நின்று வளர்ந்ததா? 1968-இல் சட்டம் இயற்றி, கொலராடோ ஆற்று நீரை 336 மைல் நீளக் கால்வாய் வழியே அரிசோனாப் பாலைக்குக் கொண்டுவர முன்னின்றது கூட்டரசு! புதுநகருக்கு நீர் சென்றது பொதுப்பணத்தால். பழைய நகருக்கோ பொறுப்பற்றதென்ற பட்டம்!

அப்புதுநகருக்கும் சோதனை வந்துவிட்டது. 2023 கோடையிலே, தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 110 பாரன்ஹீட்டுக்குக் குறையாமல் கொளுத்தியது. அந்நகர் அடங்கிய மாரிகோபா மாவட்டத்தில் அவ்வாண்டு வெப்பத்தின் தொடர்பால் மாண்டோர் 645 பேர். நாளை அவ்வூர் தேயுமானால், அதையும் சோம்பேறி என்பரோ?

ஆகவே, தோழர்களே! வளர்ந்த நகரையும் தேய்ந்த நகரையும் காட்டி எவரேனும் உங்களை வாதுக்கு அழைத்தால், மூன்றே வினாக்களைத் தொடுங்கள். எல்லைக்கோட்டை வகுத்தது யார்? வரிப்பணம் போனது எங்கே? பொதுப்பணம் பாய்ந்தது எவர் பக்கம்? இம்மூன்றுக்கும் விடை வரும்வரை, உழைத்துத் தேய்ந்த ஊரைக் குற்றக் கூண்டிலே ஏற்றும் உரிமை எவருக்கும் இல்லை!